காணாமல் போன ஒன்றேகால் லிட்டர்

"கையை நெஞ்சோட சேர்த்து வச்சுக்கங்க மாமா. இழுக்கப் போறேன்!"

சொல்லி முடிப்பதற்குள் அனீஸா இழுத்துவிட்டாள். காருக்கு அடியிலிருந்து முதலில் சேறு காய்ந்த இரண்டு பாதங்கள் வந்தன. அப்புறம் தூக்கிக் கட்டிய வேட்டி. கடைசியில், புல்லும் மண்ணும் ஒட்டிய மீசையோடு இராஜாங்கத்தின் முகம்.

"ஏ புள்ள, உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒரு பெரிய மனுசனைப் போயி..."

மீதியை அவர் சொல்லவில்லை. கார் சொன்னது. வாய்க்கால் கரையின் ஈரக் களிமண்ணில் நிறுத்தியிருந்த ஒற்றை ஜாக்கி மெல்லச் சாய்ந்தது, வழுக்கியது, வண்டியின் முன்பக்கம் தொம்மென்று இறங்கியது. அரை நிமிடத்துக்கு முன் இராஜாங்கத்தின் நெஞ்சு இருந்த இடத்தில் ஒரு தும்பைச் செடி அப்பளமாக நசுங்கிக் கிடந்தது.

இராஜாங்கம் செடியைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்க நிறைய இருந்தது.

"ஜாக்கி வண்டியத் தூக்குறதுக்கு மாமா, தாங்குறதுக்கு இல்ல" என்றாள் அனீஸா. மூச்சு வாங்கியதே தவிர குரலில் நடுக்கம் இல்லை. "அடியில போகணும்னா ஸ்டாண்டு வைக்கணும். சக்கரத்துக்குக் கட்டை போடணும். தரை கெட்டியா, சமமா இருக்கணும். இதுல எது இருந்துச்சு?"

"டிராக்டருக்கு நாப்பது வருசமா இப்படித்தான் பார்க்குறேன்."

"டிராக்டருக்கு அடியில ஆடு குட்டி போட்டுட்டுப் போகலாம். இது காரு. உங்க மீசை உயரம்கூட இடம் இல்ல."

புளியமரத்தடியில் கைத்தடியை ஊன்றி நின்ற மாலதி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து முப்பத்தைந்து.

இரண்டரை மணிக்கு அவள் திருவாரூரில் இருக்கவேண்டும். டிரைவிங் டெஸ்ட்.

மாலதி இராஜாங்கத்தின் ஒரே மகள். நான்கு வருடத்துக்கு முன் ஒரு பஸ் விபத்து அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டுவிட்டது. செயற்கைக் காலோடு நடக்கப் பழகினாள், படித்தாள், ஒரு பால் கம்பெனியில் வேலை வாங்கினாள். வேதாரண்யத்தைச் சுற்றி முப்பது கிராமம், தினமும் கார் எடுத்துப் போய்ப் பார்க்கிற வேலை. வருகிற திங்கட்கிழமை சேரும்போது லைசென்ஸைக் கையில் காட்டவேண்டும் என்று கம்பெனியில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். அவளுடைய எல்.எல்.ஆர். சனிக்கிழமையோடு முடிகிறது. இன்றைய டெஸ்ட் கைவிட்டுப் போனால் மறுபடி எல்.எல்.ஆர்., மறுபடி முப்பது நாள் காத்திருப்பு. வேலை காத்திருக்காது.

கிளட்ச் மிதிக்க இடது கால் வேண்டும். ஆட்டோமேட்டிக் காருக்கு வலது கால் ஒன்று போதும். அதனால்தான் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் இந்தப் பழைய ஆட்டோமேட்டிக்கைத் தேடிப் பிடித்து வாங்கியிருந்தார் இராஜாங்கம். இன்று காலை ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பி, ஊரை இரண்டு சுற்றுச் சுற்றி வரும்போதுதான், வாய்க்கால் கரையில் வைத்து வண்டி மக்கர் செய்தது. கியர் முன்னால் ஓடுகிற 'டி'யில் இருக்கிறது. இன்ஜின் கத்துகிறது. கார் நகரவில்லை.

"திங்கட்கிழமை நீதானே கியர் ஆயில் மாத்தின?" இராஜாங்கத்துக்குக் குரல் திரும்பிவிட்டது. "அதுவரைக்கும் குதிரை மாதிரி ஓடின வண்டி. மூணு நாள்ல படுத்துடுச்சு. என்ன ஆயில் ஊத்தின? அதான் எங்கயாச்சும் ஒழுகுதான்னு அடியில போனேன்."

திருத்துறைப்பூண்டியில் முத்துப்பேட்டை ரோட்டில் அனீஸாவின் ஒர்க்‌ஷாப். மாலதி போன் செய்ததும் ஸ்கூட்டரில் வந்திருந்தாள். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள். புருஷன் உபைதுல்லா ஷார்ஜாவில் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கிற ஒர்க்‌ஷாப்பில் வேலை. அவன் இவளுக்கு வீடியோவில் சொல்லிக்கொடுக்கிறானா, இவள் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாளா என்பது ஊரில் இன்னும் தீராத வழக்கு.

அவள் பானெட்டைத் திறந்தாள். உள்பக்கம் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரை விரலால் தட்டிக் காட்டினாள். அவள் கையெழுத்து. திங்கட்கிழமைத் தேதி. 'எடுத்தது 3.75. ஊற்றியது 3.75.'

"அளந்து எடுத்தேன். அளந்து ஊத்தினேன். மாலதி, உட்காரு. கியர் 'பி'யில, பார்க்கிங்ல இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போடு, கால் பிரேக்குலயே இருக்கட்டும். ஸ்டார்ட் பண்ணு."

இன்ஜின் உறுமியது. அனீஸா கியர் ஆயில் அளவு பார்க்கும் நீளக் கம்பியை உருவினாள். நுனியில் ஆயில் இருக்கவேண்டிய இடம் இரண்டு கோடுகளுக்கு நடுவில். அங்கே ஒன்றும் இல்லை. கோடுகளுக்கு ரொம்பக் கீழே, ஒரு குங்குமப் பொட்டு அளவுக்குச் சிவப்பு.

முகர்ந்து பார்த்தாள். "கருகின வாசனை இல்ல. மாலதி, வண்டி நகரலைன்னதும் என்ன பண்ணின?"

"உடனே ஆஃப் பண்ணிட்டேன் அக்கா."

"அதான் பிழைச்சுது. முறுக்கிக்கிட்டே இருந்திருந்தா இந்நேரம் கியர்பாக்ஸ் வெந்திருக்கும். ஆனா இங்க தரை சரிவு. இதுல பார்க்குற அளவை நம்ப முடியாது. சமமான இடம் வேணும்."

கரையில் டடடடவென்று ஒரு டிராக்டர் வந்து நின்றது. ஓட்டியவன் தங்கையன், இராஜாங்கத்தின் டிராக்டர் டிரைவர். தோளில் வடக்கயிறு.

"கட்டி இழுத்தாப் பதினஞ்சு நிமிசத்துல டவுனுக்குப் போயிடலாம் அண்ணே!"

"இழுத்தா பதினாறாவது நிமிசம் கியர்பாக்ஸைக் குப்பையில போடலாம்" என்றாள் அனீஸா. "இன்ஜின் ஓடினாத்தான் உள்ள ஆயில் சுத்தும். சக்கரம் மட்டும் உருண்டா உள்ள எல்லாம் காய்ஞ்சு தேயும். கயிறை வச்சிடுங்க. அதோ, களம். நியூட்ரல்ல மெதுவாத் தள்ளிட்டுப் போயிடலாம். நூறு தப்படி தாங்கும்."

தள்ளினார்கள். தங்கையன் வாய் மட்டும் ஓயவில்லை.

"அண்ணனுக்கு இன்னிக்கு யோகம்தான் அக்கா. அதோ அந்த வாய்க்கால் ஷட்டர் இருக்கே, போன வாரம் நாங்க ரெண்டு பேரு தொங்கியும் அசையல. இன்னிக்குக் காலைல அண்ணன் ஒத்தக் கையால சுத்திட்டாரு. தண்ணி அது பாட்டுக்கு நாத்தங்காலுக்குப் போகுது!"

"பேசாமத் தள்ளுடா" என்றார் இராஜாங்கம்.

நெல் காயப்போடும் சிமெண்ட் களம் கண்ணாடி மாதிரிச் சமமாக இருந்தது. அனீஸா பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தாள். முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, வண்டியை இரண்டு முறை உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. அதற்குப் பிறகுதான் டார்ச்சோடு அடியில் போனாள்.

மூன்று நிமிடம். வெளியே வந்தபோது அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"ஒரு சொட்டு ஒழுகல. போல்ட் நான் முடுக்கின மாதிரியே இருக்கு. அடித்தட்டு துடைச்சு வச்ச மாதிரி காய்ஞ்சு கிடக்கு."

"அப்ப ஆயில் எங்க போச்சு?" என்றாள் மாலதி.

"இது எரியுற ஆயில் இல்ல, குறையுறதுக்கு. ஒழுகவும் இல்ல." அனீஸா கையைத் துடைத்தாள். "யாரோ எடுத்திருக்காங்க."

இராஜாங்கம்தான் முதலில் பேசினார், தேவைக்கு அதிகமான சத்தத்தோடு.

"பிரபு! அவன்தான்! நேத்து சாயங்காலம் டயருக்குக் காத்தடிக்க அவன் கடையில அரை மணி நேரம் வண்டி நின்னுச்சு. உன் மேல அவனுக்குப் பொறாமை. எடுத்திருப்பான். தங்கையா, டிராக்டரைத் திருப்பு. அவன் சட்டையைப் பிடிச்சுக் கேட்டுட்டு வந்துடறேன்."

"மணி பதினொண்ணே கால் மாமா. சட்டையைச் சாயங்காலம் பிடிக்கலாம். கை கழுவிட்டு வர்றேன், அப்புறம் ஆயில் ஊத்தலாம்."

வாய்க்கால் பக்கத்திலேயே ஓடியது. அனீஸா ஷட்டர் அருகில் இறங்கிக் கை கழுவினாள். கழுவி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாள். தலையைத் தூக்கி ஷட்டரைப் பார்த்தாள். ஷட்டரின் சக்கரத்தில் கை வைத்து ஒரு சுற்று சுற்றினாள். பிறகு மறுபடி கையைக் கழுவிக்கொண்டு நிதானமாக ஏறி வந்தாள்.

"பிரபு கடைக்கு யாரும் போக வேண்டாம்."

"ஏன்?"

"யார் எடுத்தாங்கன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"யாரு அக்கா?" மாலதி கைத்தடியை ஊன்றி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"நீ லைசென்ஸ் வாங்கு. திரும்பி வந்ததும் இதே இடத்துல வச்சுச் சொல்றேன். இப்ப உன் மனசு ஸ்டியரிங்ல இருக்கணும்."

இராஜாங்கம் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். மழை வருவதற்கான அறிகுறி எதுவும் அங்கே இல்லை.

வண்டியைத் தரையில் இறக்கிவிட்டு, அனீஸா ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து ஆயில் கேனை எடுத்தாள். திங்கட்கிழமை ஊற்றியதில் மிச்சம், அதே ரகம். "கடையில எந்தச் சிவப்பு ஆயிலைக் குடுத்தாலும் வாங்கி ஊத்திடக் கூடாது மாலதி. வண்டி புத்தகத்துல என்ன ரகம் போட்டிருக்கோ அது மட்டும்தான். நிறம் ஒண்ணா இருந்தா குணம் ஒண்ணா இருக்காது." அளவுக் குவளையைத் தேடினாள். "அட, குவளையை ஒர்க்‌ஷாப்லயே வச்சுட்டேன்."

"மாட்டுக்கு மருந்து புகட்டுற நூறு மில்லி சிரிஞ்ச், நீளக் குழாயோட, கொட்டகையில இருக்கே" என்றாள் மாலதி. "தங்கையண்ணனை எடுத்துட்டு வரச் சொல்லவாப்பா?"

"அதெல்லாம் வேணாம்!" இராஜாங்கம் பதறிவிட்டார். "அது... அது சுத்தமில்ல பாப்பா. மாட்டு வாயில வைக்கிறது. வீட்டுல பால் அளக்குற கால் லிட்டர் குவளை இருக்கு. டேய், ஓடு!"

குவளை வந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கம்பி நுழையும் குழாயில் மெல்லிய புனல் வைத்து, அனீஸா முதல் குவளையை நூல் மாதிரி ஊற்றினாள். மாலதி பிரேக்கை அழுத்தியபடி, சொன்னபடி கியரை 'பி'யிலிருந்து ஒவ்வொன்றாக நகர்த்தி, ஒவ்வொன்றிலும் ஐந்து எண்ணி, மறுபடி 'பி'க்குக் கொண்டு வந்தாள். வண்டிக்கு முன்னால் யாரையும் நிற்கவிடவில்லை அனீஸா.

"நேரமாச்சு புள்ள. மொத்தமாக் கவுத்துவிடேன்."

"கூடிப்போனா உள்ள நுரைக்கும் மாமா. நுரையில கியர் பிடிக்காது. குறைஞ்சாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல்."

கம்பியைத் துடைக்க இராஜாங்கம் தோள் துண்டை நீட்டினார். அனீஸா வாங்கினாள். ஒரு கணம் துண்டைப் பார்த்தாள். மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"இதுல நூல் பிரியும். ஒரு நூல் உள்ள போனாலும் போதும், வம்பு." தன் பையிலிருந்து வேறு துணி எடுத்துக்கொண்டாள்.

இரண்டாவது குவளை. மூன்றாவது. நான்காவது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் பொறுமையாகக் கம்பியை உருவிப் பார்த்தாள். மாலதி நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்கினாள். ஐந்தாவது குவளையோடு சிவப்பு மேல்கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே வந்து நின்றது.

"ஒண்ணேகால் லிட்டர்" என்றாள் அனீஸா. ஸ்டிக்கரில் எழுதினாள். "இப்ப ரிவர்ஸ் போடு."

இரண்டு மணி நேரத்துக்கு முன் நகர மறுத்த கார், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி பின்னால் நகர்ந்தது. தங்கையன் விசில் அடித்தான்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பினார்கள். எல்.எல்.ஆர். வைத்திருப்பவள் தனியாக ஓட்டக்கூடாது என்பதால் பக்கத்து சீட்டில் அனீஸா, அவளுடைய லைசென்ஸ் கைப்பையில். பின் சீட்டில் இராஜாங்கம், துண்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு. இரண்டு பக்கமும் வயல்களில் தண்ணீர் பளபளத்தது. மாலதி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"விரலைத் தளர்த்து" என்றாள் அனீஸா. "வண்டி உன்கிட்டயிருந்து தப்பிச்சு ஓடப்போறதில்ல."

"மேட்டுல நிறுத்தி எடுக்கச் சொல்லுவாங்க அக்கா. அங்க வழுக்கிட்டா?"

"ஆயில் நான் பார்த்தது. கால் உன்னோடது. ரெண்டுல எதை நம்பல?"

மாலதியின் விரல்கள் தளர்ந்தன.

மைதானத்தில் இவளுக்கு முன்னால் ஏழு பேர். இரண்டு பேர் தடுப்புக் கம்பத்தைச் சாய்த்தார்கள். மாலதியின் பெயரைக் கூப்பிட்டபோது மணி மூன்று. ஆய்வாளர் அவள் கைத்தடியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், கையிலிருந்த பேனாவை மூடாமல் காத்திருந்தார்.

எட்டுப் போட்டாள். ரிவர்ஸில் கம்பங்களுக்கு நடுவே நுழைத்தாள். மிச்சம் இருந்தது மேடு. பாதி மேட்டில் நிறுத்தினாள். பின்னால் சரிந்தால் அதோடு போச்சு. கம்பி வேலிக்கு வெளியே இராஜாங்கம் துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார்; பிழிந்தால் தண்ணீர் வரும்போல் இருந்தது. அனீஸா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மாலதி பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். ஒரு விரல் அளவுகூடப் பின்னால் போகாமல், கார் சாவகாசமாக மேடேறி அந்தப் பக்கம் இறங்கியது.

ஆய்வாளர் பேனாவை ஓட்டினார். "அடுத்தது!" என்று கத்தினார். இவளிடம் தாழ்ந்த குரலில், "பாஸ்மா. நல்லா ஓட்டுறீங்க" என்றார்.

ஊர் திரும்பும்போது ஐந்தரை. வெயில் சாய்ந்து வாய்க்காலில் பொன்னாய் மினுங்கியது. வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்த மாலதி, யாரும் சொல்லாமலே ஷட்டர் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, 'பி'யில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

"ஏன் பாப்பா இங்க? வீட்டுக்குப் போவோம், அம்மா ஆரத்தியோட நிப்பா" என்றார் இராஜாங்கம்.

"அக்கா ஒரு விசயம் சொல்றேன்னாங்களே."

அனீஸா தொண்டையைச் செருமினாள். அதற்குள் மாலதி இறங்கிவிட்டாள். கைத்தடியை ஊன்றி ஷட்டர் வரை நடந்தாள். இரண்டு பேர் தொங்கியும் அசையாத சக்கரத்தை ஒற்றைக் கையால் சுற்றினாள். நடுவிலிருந்த திருகு கம்பி சத்தமே இல்லாமல் ஏறியது. அதில் ஆள்காட்டி விரலைத் தடவி, தூக்கிப் பிடித்துக் காட்டினாள்.

விரல் நுனி சிவப்பாக மினுங்கியது. கீழே தண்ணீரில், கம்பியிலிருந்து சொட்டிய இடத்தில் மெல்லிய வண்ணப் படலம் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது.

"இதுதானே அக்கா?"

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள் அனீஸா.

"சிரிஞ்ச் எடுத்துட்டு வரச் சொல்லவான்னு கேட்டப்ப அப்பா குதிச்சாரே, அப்ப. காலைலயே கொட்டகையில அது சிவப்பாக் கிடந்துச்சு. மாட்டு மருந்துன்னு நினைச்சேன்." மாலதி திரும்பினாள். "ஏம்ப்பா?"

இராஜாங்கம் காரிலிருந்து இறங்கவில்லை. கதவைத் திறந்து கால்களை மட்டும் வெளியே வைத்து உட்கார்ந்திருந்தார்.

"பரீட்சை அன்னிக்கு ஒரு குறையும் வந்துடக் கூடாதேன்னு விடியக்காலைல எந்திரிச்சு எல்லாத்தையும் பார்த்தேன். காத்து, தண்ணி, ஆயிலு. கியர் ஆயில் கம்பியை உருவினா... கோட்டுக்கு ரெண்டு விரக்கடை மேல நிக்குது. இந்தப் புள்ள அவசரத்துல கூட ஊத்திட்டுப் போயிடுச்சுன்னு நினைச்சேன்."

"இன்ஜின் ஓடிக்கிட்டிருந்துச்சா மாமா?"

"ஓடுற இன்ஜின்ல யாராச்சும் ஆயில் அளவு பார்ப்பாங்களா? டிராக்டரை ராத்திரி நிறுத்தி வச்சு, காலைல சூடு ஏறுறதுக்கு முன்னாடி பார்க்கணும். நாப்பது வருசமா..."

"டிராக்டருக்கு அது சரி. இதுக்கு நேர் தலைகீழ்" என்றாள் அனீஸா. குரலில் கோபம் இல்லை. "இன்ஜினை நிறுத்தினா உள்ள சுத்துற ஆயில்ல கொஞ்சம் கீழ வடிஞ்சு வந்து நிக்கும். கூட இருக்குற மாதிரியே தெரியும். வண்டி சூடாகி, இன்ஜின் ஓடுறப்ப பார்த்தாத்தான் உண்மையான அளவு. திங்கட்கிழமையே நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும். அது என் தப்பு."

"எடுத்த ஆயிலைக் கீழ கொட்ட மனசு வரல. புது ஆயிலு. ஷட்டர் வேற துருப்பிடிச்சுக் கிடந்துச்சா..."

"அடுத்த தடவை கிரீஸ் கேளுங்க, தர்றேன். இது தண்ணியில இறங்கி உங்க நாத்துக்குத்தான் போகும்."

இராஜாங்கம் தலையாட்டினார். பிரபுவின் சட்டை ஞாபகத்துக்கு வந்திருக்கவேண்டும். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மாலதி வந்து அவர் பக்கத்தில் நின்றாள். சிவந்த விரலை அவர் துண்டிலேயே துடைத்தாள். துண்டில் ஏற்கெனவே நான்கைந்து சிவப்புத் தடங்கள் இருந்தன.

"சரி, எத்தனை சிரிஞ்ச் எடுத்தீங்க? உண்மையச் சொல்லுங்க."

"பன்னெண்டு" என்றார் இராஜாங்கம்.

அனீஸா பானெட்டைத் தூக்கி, ஸ்டிக்கரில் மதியம் எழுதிய 1.25 என்ற எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

இராஜாங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"பன்னெண்டரை."